தட்டில் வாழும் இசை: ஜாஸ் ரசிகரின் கேள்வியும் சேகரமும்



ஜாஸ் ரசிகர் அன்றாடம் இசை கேட்கும் முறையும், அவர் இசைத்தட்டுச் சேர்க்கும் முறையும் இன்றைய சொற்பொழிவின் பொருள். வீடு கொள்ளாமல் பழைய தட்டுகளை வாங்கிக் குவிப்பவரைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். 'இது என்ன பைத்தியம்?' என்று வீட்டாரே கேட்பார்கள். கேட்கட்டும். ஜாஸ் என்னும் இசையின் நூறாண்டுக் கதை இன்று கைக்குக் கிடைக்கிறதென்றால், அதற்குப் பெரும் காரணம் இந்தப் பைத்தியம்தான். அது எப்படி? கேட்பது, சேர்ப்பது, காப்பது என்ற மூன்று படிகளில் இந்த உரை அதை விளக்கும்.

முதலில், தட்டுக்கு இத்தனை மதிப்பு ஏன்? மேற்கத்திய சாஸ்திரிய இசை தாளில் எழுதப்பட்டிருக்கிறது. மொஸார்ட் மறைந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆன பின்பும், தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஓர் இசைக்குழு அவர் எழுதியதை எழுதியபடியே வாசித்துவிடும். ஜாஸில் தாளில் இருப்பது கொஞ்சம்: ஒரு மெட்டு, அதற்குக் கீழே கார்டுகள் எனும் ஸ்வரக் கூட்டுகளின் வரிசை. மற்றதெல்லாம் வாசிக்கும் நேரத்தில் பிறப்பது. கீர்த்தனை ஒன்றாகவே இருந்தாலும் நிரவலும் கல்பனாஸ்வரமும் கச்சேரிக்குக் கச்சேரி மாறுவதைப் போல, ஜாஸிலும் மனோதர்மமே உயிர். நேற்றிரவு வாசித்தது இன்றிரவு வராது. அப்படியானால் நேற்றிரவு வாசித்ததை எங்கே போய்த் தேடுவது? தட்டில்தான் தேட வேண்டும். தட்டில் ஏறியது நின்றது, ஏறாதது போயிற்று.

போனவற்றில் பெரியது பட்டி போல்டனின் இசை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கார்னெட் வாசித்துப் பெரும் பெயர் பெற்றவர் அவர். ஜாஸின் முதல் நாயகர் என்று பின்னால் வந்தவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அவர் வாசித்ததில் ஒரு நிமிடம்கூட இன்று கிடைக்கவில்லை. மெழுகு உருளை ஒன்றில் அவர் பதிந்ததாக ஒரு பேச்சு உண்டு. அந்த உருளை இன்றுவரை கிடைக்கவில்லை.

முதல் ஜாஸ் தட்டு என்று வரலாறு குறிப்பது 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் நிறுவனம் பதிந்தது. வாசித்தது 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்ற வெள்ளையர் குழு. ஆனால் இசையை உருவாக்கியவர்கள் யார்? நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினக் கலைஞர்கள். அவர்களில் தலைசிறந்த கிங் ஆலிவரின் குழு, இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரில் ஜெனெட் நிறுவனத்துக்காகப் பதிந்தது 1923இல்தான். அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் எல்லாரும் நின்று வாசித்தார்கள். பெரிய டிரம்மின் அதிர்வை அந்தக் கருவி தாங்காது என்பதால் டிரம் வாசிப்பவர் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காட்டினார். ஆக, தட்டில் கேட்பது எல்லாமே மேடையில் ஒலித்தது என்று கொள்ள முடியாது. நல்ல ரசிகர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் இது.

அந்தக் காலத்துத் தட்டு எதனால் ஆனது? அரக்கால். அந்த அரக்கு எங்கிருந்து போயிற்று? பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. சோட்டா நாக்பூர்க் காடுகளில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் அரக்குப் பூச்சிகள் விடும் பிசின், கல்கத்தா வழியாகக் கப்பலேறி அமெரிக்கத் தட்டுகளாயிற்று. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். நடன அரங்கில் ஒரே உருப்படியைப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் வாசித்தவர்கள், தட்டுக்காக எல்லாவற்றையும் மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது.

அந்த மூன்று நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் ஓகே நிறுவனத்துக்காக லூயி ஆம்ஸ்ட்ராங் பதிந்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' இதற்குப் பதில். தொடக்கத்தில் துணைக்கு யாரும் இல்லை. டிரம்பெட் தனியாக ஏறி இறங்கிப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஓடுகிறது. பிறகு குழு சேர்கிறது. டிராம்போன் ஒரு சுற்று. அடுத்து கிளாரினெட்டும் ஆம்ஸ்ட்ராங்கின் குரலும், சொல்லே இல்லாத ஒலிகளில் பேசிக்கொள்கின்றன. எர்ல் ஹைன்ஸின் பியானோ ஒரு சுற்று. கடைசிச் சுற்றில் ஆம்ஸ்ட்ராங் உச்சத்தில் ஒரே ஸ்வரத்தை நான்கு தாளக்கட்டுக்கு அசையாமல் நிறுத்திவிட்டு, சட்டென்று கீழே பொழிகிறார். மூன்றே நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஜாஸ் வாசித்தவர்களும் கேட்டவர்களும் தலைமுறை தலைமுறையாக ஊசியைத் தூக்கித் தொடக்கத்தில் வைத்து வைத்துக் கேட்ட தட்டு அது.

இனி, கேட்பது. ஜாஸ் ரசிகரின் அன்றாடக் கேட்பில் இரண்டு வகை உண்டு. காலையில் காப்பி போடும்போதும், மாலையில் வேலை செய்துகொண்டும் பின்னணியில் ஓடவிடுவது ஒன்று. வேறு வேலை எல்லாவற்றையும் தள்ளிவைத்து உட்கார்ந்து கேட்பது மற்றொன்று. முதல் வகையில் காது பழகும். இரண்டாவது வகையில் காது தேறும்.

உட்கார்ந்து கேட்பவர் எதைக் கேட்கிறார்? முதலில் அமைப்பை. புளூஸ் என்றால் பன்னிரண்டு தாளக்கட்டு ஒரு சுற்று. பழைய பிராட்வே மெட்டு என்றால் பெரும்பாலும் முப்பத்திரண்டு தாளக்கட்டு: எட்டு, அதே எட்டு, வேறு எட்டு, மீண்டும் முதல் எட்டு. இந்தச் சுற்றுக்குக் கோரஸ் என்று பெயர். மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, ஒவ்வொருவராகக் கோரஸ் கோரஸாக மனோதர்மம் வாசித்து, கடைசியில் மெட்டுக்குத் திரும்புவது வழக்கமான பாதை. எந்தக் கோரஸில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று விரல்விட்டு எண்ணத் தெரிந்துவிட்டால், முன்பு வெறும் ஓட்டமாகக் கேட்டது பேச்சாக விளங்கத் தொடங்கும்.

அடுத்து, ஒரே தட்டை ஆளுக்கு ஆள் பிரித்துக் கேட்பது. ஒருமுறை சாக்ஸபோனை மட்டும். மறுமுறை டபுள் பாஸை மட்டும். இன்னொரு முறை டிரம்ஸின் சிம்பலை மட்டும். பாஸைத் தொடர்ந்தவருக்குத்தான் குழு எதன் மேல் நடக்கிறது என்பது தெரியும். சிம்பலைத் தொடர்ந்தவருக்குத்தான் அந்த நடை ஏன் ஆடவைக்கிறது என்பது தெரியும். ஒரு தட்டைப் பத்து முறை கேட்பதும் பத்துத் தட்டை ஒருமுறை கேட்பதும் ஒன்றாகுமா? ஜாஸ் ரசிகர்கள் முன்னதற்கே ஓட்டுப் போடுவார்கள்.

மூன்றாவது, டேக் டேக்காக ஒப்பிட்டுக் கேட்பது. ஸ்டுடியோவில் ஒரே உருப்படியைப் பலமுறை பதிவார்கள். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக். 1945 நவம்பர் 26 அன்று சவாய் நிறுவனத்துக்காக சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் நியூயார்க்கில் பதிந்த 'கோ கோ'வின் முதல் டேக் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. மின்னல் வேக முன்னுரை முடிந்ததும் 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் மெட்டு தொடங்குகிறது. உடனே சீழ்க்கையும் கைத்தட்டலும் எழுந்து வாசிப்பு நிற்கிறது. ஏன்? அந்த மெட்டை அப்படியே வாசித்தால் பாட்டின் உரிமையாளருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்திருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அடுத்த டேக்கில் மெட்டு இல்லை. 'செரோக்கி'யின் கார்டு வரிசை மட்டும் அடியில் ஓட, பார்க்கர் அதன் மேல் பறக்கிறார். பீபாப் என்ற புதிய ஜாஸ் எப்படிப் பிறந்தது என்பதைப் பல பக்கங்கள் எழுதி விளக்குவதைவிட, இந்த இரண்டு டேக்குகளை அடுத்தடுத்துக் கேட்டால் எளிதாக விளங்கும்.

ஆனால் அந்தப் பீபாப்பின் தொடக்க நாட்கள் தட்டில் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஏன்? இரண்டு காரணம். 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில், தட்டுக்கு வாசிக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. பெரிய நிறுவனங்கள் எல்லாம் இறங்கிவர 1944 நவம்பர் ஆயிற்று. மறுபக்கம், போரால் இந்திய அரக்கு வருவது சுருங்க, தட்டு உற்பத்திக்கு அமெரிக்க அரசு கடும் கட்டுப்பாடு விதித்தது. பழைய தட்டுகளை அரைத்துப் புதிய தட்டுச் செய்வதற்காக மக்களிடமிருந்து வாங்கிக் குவித்தார்கள். புதியது பதியப்படவில்லை, பழையது அரைபட்டது. தட்டைச் சேர்த்துக் காத்தவரின் அருமை அப்போதுதான் புரிந்தது.

இனி, சேர்ப்பது. 1930களின் சேகரிப்பாளர் முன் நின்ற முதல் கேள்வி: இந்தத் தட்டில் வாசிப்பது யார்? லேபிளில் குழுவின் பெயர் இருக்கும். ஆட்களின் பெயர் இருக்காது. குழுவின் பெயரும் சில நேரம் புனைபெயராக இருக்கும். காதை நம்பித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிரம்பெட்டின் ஒலியைக் கேட்டே 'இது இன்னார்' என்று சொல்லப் பழகினார்கள். தட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணை, அதாவது பதிவின் வரிசை எண்ணைக் குறித்து, எந்த ஊரில் எந்த நாளில் பதிந்தது என்று கணித்தார்கள். இசைக்கலைஞர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். இப்படித் திரண்ட விவரத்தைப் பாரிஸில் சார்லஸ் டெலோனே 1936இல் 'ஹாட் டிஸ்கோகிராஃபி' என்று புத்தகமாக்கினார். ஓவியர்களான ராபர்ட், சோனியா டெலோனே தம்பதியின் மகன் அவர். அவருக்குப் பின் இங்கிலாந்தின் பிரையன் ரஸ்ட் போன்றோர் அந்த வேலையை வளர்த்தார்கள். இன்று ஒரு தட்டின் கலைஞர் பட்டியல் நொடியில் கிடைக்கிறதென்றால், அது இவர்கள் ஊசியை மாற்றி மாற்றிக் கேட்டு எழுதியதன் பலன்.

நியூயார்க்கில் கிழக்கு 42ஆம் தெருவில் மில்ட் கேப்ளர் நடத்திய கமடோர் கடை சேகரிப்பாளர்கள் கூடும் மடமாக இருந்தது. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பழைய பதிவுகளை அவர் மறுபடி அச்சிட்டு விற்றார். வாசித்தவர்களின் பெயர்களை லேபிளிலேயே போட்டார். 1938இல் தாமே பதிவு செய்யத் தொடங்கினார். கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற கொடுமையைப் பாடும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டைப் பதிய கொலம்பியா நிறுவனம் தயங்கியபோது, 1939இல் பாடகி பில்லி ஹாலிடே அதைப் பதிந்தது கமடோரில்தான். ஒரு கடைக்காரரின் துணிச்சல் அது.

சேகரிப்பாளர்கள் மனிதரையும் மீட்டார்கள். பங்க் ஜான்சன் நியூ ஆர்லியன்ஸின் முதல் தலைமுறை டிரம்பெட் கலைஞர். டிரம்பெட்டும் போய், பற்களும் போய், லூசியானாவின் நியூ ஐபீரியா ஊரில் அன்றாடங்காய்ச்சியாக இருந்தார். 1939இல் வெளிவந்த 'ஜாஸ்மென்' என்ற நூலுக்காக விவரம் தேடியவர்கள் கடிதம் எழுதி அவரைக் கண்டுபிடித்தார்கள். அன்பர்கள் காசு திரட்டி அவருக்கு டிரம்பெட் வாங்கிக் கொடுத்தார்கள். பல்செட்டும் ஏற்பாடாயிற்று, அதைச் செய்தவர் யார் தெரியுமா? ஜாஸ் மேதை சிட்னி பெஷேயின் அண்ணன், பல் மருத்துவர் லெனர்ட் பெஷே. 1942இல் பங்க் ஜான்சன் பதிவுக்கு வாசித்தார். பழைய நியூ ஆர்லியன்ஸ் இசைக்கு உலகெங்கும் ஒரு மறுமலர்ச்சி அதிலிருந்து கிளம்பியது.

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டை அறிமுகம் செய்தது. வினைல், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். மூன்று நிமிடச் சிறை உடைந்தது. குழுத் தலைவர் டியூக் எலிங்டன் 1930இல் மூன்று நிமிடமாகப் பதிந்த 'மூட் இண்டிகோ'வை 1950 டிசம்பரில் பதினைந்து நிமிடமாக விரித்துப் பதிந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்குத் தட்டின் அளவு இசையை எப்படி மாற்றும் என்பது கையில் கிடைத்த சான்று.

எல்.பி. காலத்துச் சேகரிப்பாளரின் கனவு புளூ நோட். பெர்லினிலிருந்து நியூயார்க் வந்த ஆல்ஃபிரட் லயன் 1939இல் தொடங்கிய நிறுவனம் அது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த நண்பர் ஃபிரான்சிஸ் உல்ஃப் புகைப்படம் எடுத்தார். ரீட் மைல்ஸ் உறை வடிவமைத்தார். ஒலிப்பதிவு ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர் வேலை, மற்ற நேரத்தில் ஹேக்கன்சாக் ஊரில் பெற்றோர் வீட்டுக் கூடமே ஸ்டுடியோ. ஒத்திகைக்கும் கலைஞர்களுக்குப் பணம் கொடுத்தவர் லயன். 1957 செப்டம்பர் 15 அன்று அந்தக் கூடத்தில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பதிந்த 'புளூ டிரெயின்' கேட்டால் அந்த ஒத்திகையின் பலன் தெரியும்.

அந்தக் காலத்து அசல் புளூ நோட்தானா என்று எப்படிப் பார்ப்பது? தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இசை வரி முடிந்து லேபிள் தொடங்கும் இடத்துக்கு நடுவே வெற்று வளையம் ஒன்று இருக்கும். அதில் 'ஆர்.வி.ஜி.' என்ற எழுத்துகள் இருந்தால் வான் கெல்டர் கையால் வெட்டிய மூலம். அருகே காது மடல் போல ஒரு சுழிப்பு இருந்தால், அது பிளாஸ்டிலைட் தொழிற்சாலையின் 'பி' எழுத்து. புளூ நோட் 1966இல் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்குப் போன பின் அடித்த தட்டுகளில் அந்தக் 'காது' இராது. லேபிளில் உள்ள முகவரியும் காலம் சொல்லும்: லெக்சிங்டன் அவென்யூ என்றால் முந்தையது, மேற்கு 63ஆம் தெரு என்றால் அடுத்தது. இத்தனை நுணுக்கம் எதற்கு? விலைக்காகப் பார்ப்பவர் உண்டு. மூலத்துக்கு மிக அருகில் உள்ள ஒலிக்காகப் பார்ப்பவரும் உண்டு.

அசல் பதிப்பு என்றாலே பிழையற்றது என்று நினைக்கலாமா? கூடாது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரு நாட்களில் பதிந்த 'கைண்ட் ஆஃப் புளூ' ஜாஸில் மிகுதியாக விற்ற தட்டுகளில் ஒன்று. முதல் நாள் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருந்தது. அதனால் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் தட்டில் சுருதி சற்றுக் கூடி ஒலித்தன. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் தங்கள் கருவியின் சுருதி ஏன் ஒட்டவில்லை என்று குழம்பினார்கள். 1990களின் மறுபதிப்பில்தான் அது சரிசெய்யப்பட்டது. பழையதை வைத்திருப்பவர், திருத்தியதை வைத்திருப்பவர், இரண்டையும் ஒப்பிட்டவர்: மூவரில் கடைசியானவரே முழு ரசிகர்.

தட்டு வாங்க வசதியில்லாத ஊரில் என்ன செய்தார்கள்? ஜப்பான் ஒரு வழி காட்டியது. அமெரிக்கத் தட்டு அங்கே விலை கூடியது. பெரிய ஒலிபெருக்கி வைக்க வீட்டில் இடமும் இல்லை. ஜாஸ் கிஸ்ஸா என்ற காப்பிக் கடைகள் அதற்கென்றே பிறந்தன. ஒரு காப்பி வாங்கிக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்து கேட்கலாம்; பல கடைகளில் பேச்சுக்குத் தடை. யோகோஹாமாவில் 1933இல் தொடங்கிய சிகுசா, போரில் தட்டுகளோடு அழிந்து மீண்டும் எழுந்தது. இளம் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி அங்கே தட்டைக் கேட்டு ஸ்வரம் எழுதிப் பயின்றார். பின்னாளில் உலகப் புகழ் பெற்றார். நாவலாசிரியர் ஹருகி முரகாமியும் எழுத வருவதற்கு முன், 1974 முதல் டோக்கியோவில் 'பீட்டர் கேட்' என்ற ஜாஸ் கடை நடத்தியவரே.

இனி, காப்பது. தட்டை எப்போதும் நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும். வெயில் ஆகாது. கேட்கும் முன் தூசி தட்ட வேண்டும். வரியில் விரல் படாமல் விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட வேண்டும். 78 தட்டின் வரி அகலமானது, எல்.பி.யின் வரி மெல்லியது. ஒன்றின் ஊசி மற்றொன்றுக்கு உதவாது. வினைலைத் துடைக்கும் ஆல்கஹால் கலந்த திரவம் அரக்குத் தட்டின் மேல் படவே கூடாது, அரக்கைக் கரைத்துவிடும்.

ஒருவர் காத்தது எல்லாருக்கும் பயன்படும் என்பதற்கு டீன் பெனடெட்டி சான்று. சாக்ஸபோன் கலைஞரான அவர் 1947, 1948 ஆண்டுகளில் சார்லி பார்க்கர் வாசித்த கிளப்புகளுக்குப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். பெரும்பாலும் பார்க்கர் வாசிக்கும்போது மட்டும் பதிந்தார். மற்றவர் முறை வந்ததும் நிறுத்தினார். அந்தப் பதிவுகள் பல்லாண்டு கதையாகவே உலவின. மறுபதிப்புக்கென்றே தொடங்கிய மொசைக் நிறுவனம் 1990இல் அவற்றை வெளியிட்டபோது, கதை உண்மையாயிற்று.

நூலகங்களிலும் இத்தகைய புதையல் உண்டு. 1957இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் சில மாதங்கள் ஒரே குழுவில் வாசித்தார்கள்; பதிவு சொற்பம் என்று ரசிகர்கள் ஏங்கினார்கள். அவ்வாண்டு நவம்பர் 29 அன்று கார்னகி அரங்கில் நடந்த கச்சேரியை வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி பதிந்து வைத்திருந்தது. அந்த டேப்பை 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் லாரி ஆப்பல்பாம் கண்டெடுத்தார். அதே ஆண்டு புளூ நோட் அதை வெளியிட்டது. பெட்டிகள் நாற்பத்தெட்டு ஆண்டு பத்திரமாக இருந்ததால் அல்லவா இது நடந்தது?

வாசித்தவர்களே சேர்த்தும் வைத்தார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங் ஊர் ஊராகப் போகும்போதும் டேப் ரிக்கார்டரை உடன் கொண்டுபோனார். கேட்ட தட்டுகளையும் நண்பர்களின் அரட்டையையும் நூற்றுக்கணக்கான ரீல்களில் பதிந்தார். டேப் பெட்டிகளின் மேல் படங்களை வெட்டி ஒட்டி அலங்கரித்தார். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். ஜாஸ் அறிஞர் மார்ஷல் ஸ்டெர்ன்ஸ் 1952இல் தம் சேகரத்தை வைத்துத் தொடங்கிய ஜாஸ் ஆய்வு நிலையம், 1966 முதல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்திருக்கிறது.

இன்று கைப்பேசியில் ஜாஸ் கடலளவு கிடைக்கிறது. நல்லதே. ஆனால் உறையின் பின்புறம் இருந்த விவரம் அதில் பல நேரம் இல்லை: பாஸ் யார், டிரம்ஸ் யார், எந்த நாள், எந்த டேக்? ஆகவே இன்றைய ரசிகருக்கும் மூன்று வேலை மிச்சம். கேட்டதை யார் வாசித்தது என்று அறிந்து கேட்பது. சேர்த்ததற்குப் பட்டியல் எழுதி வைப்பது. தமக்குப் பின் அந்தச் சேகரம் எடைக்குப் போகாமல் எந்த நூலகத்துக்கு, எந்த ரசிகருக்குப் போக வேண்டும் என்று வீட்டாரிடம் இன்றே சொல்லி வைப்பது. மனோதர்மத்தால் வாழும் இசைக்குத் தட்டே ஏடு. அந்த ஏட்டைப் படிப்பதும் காப்பதும் ரசிகரின் வேலை.